கணினியின் தந்தைக்கு எத்தனை பிள்ளைகள்?

போன மாதம் மகளின் பள்ளியில் வினாடி வினா. குன்னூரில் மழை ஆரம்பித்துவிட்டால் சாயங்காலம் வீட்டுக்குள் அடைந்து கிடப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. நான் கேள்வி கேட்க, அவள் பதில் சொல்லிக்கொண்டு வந்தாள். "கணினியின் தந்தை?" "சார்லஸ் பாபேஜ்." அடுத்த கேள்விக்குப் போவதற்குள் அவள் திருப்பிக் கேட்டாள்: "அவருக்கு எத்தனை பிள்ளைங்கப்பா?"

இருபது வருஷமாக மென்பொருள் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன் நான். பாபேஜ் பற்றி நாலு கட்டுரையாவது படித்திருப்பேன். எனக்குப் பதில் தெரியவில்லை. "தேடிச் சொல்றேன்" என்று சமாளித்தேன். தேடப் போனதில் அவருடைய சுயசரிதையை முழுசாகப் படித்து முடித்தேன். அந்தப் புத்தகத்தைப் பற்றித்தான் இப்போது எழுதப் போகிறேன். படித்த பிறகும் மகளின் கேள்விக்கு அதில் பதில் கிடைக்கவில்லை என்பதுதான் விஷயமே.

புத்தகத்தின் பெயரை 'ஒரு தத்துவவாதியின் வாழ்க்கையிலிருந்து சில பகுதிகள்' என்று தமிழில் சொல்லலாம். 1864-ல் வந்தது. பாபேஜுக்கு அப்போது 72 வயது. சும்மா சொல்லக்கூடாது, படிக்க அவ்வளவு ருசியான புத்தகம். 265 டிகிரி ஃபாரன்ஹீட் சூடேற்றிய அறைக்குள் சில நிமிஷம் நின்று பார்த்தேன் என்று ஒரு கதை. பூட்டு உடைப்பது, சங்கேத எழுத்து உடைப்பது பற்றி ஒரு அத்தியாயம். தண்ணீரில் பெற்ற அனுபவம், நெருப்பில் பெற்ற அனுபவம், தொழிலாளர்களிடையே பெற்ற அனுபவம் என்று வரிசையாகத் தலைப்புகள். தெருவில் வாத்தியம் வாசித்துப் பிழைப்பவர்கள் மேல் அவருக்கு இருந்த கோபத்துக்குத் தனியாக ஒரு அத்தியாயம். அதைப் படிக்கும்போது நம்ம ஊர் கோயில் விசேஷத்தில் ஸ்பீக்கர் பக்கத்தில் குடியிருப்பவர்கள் ஞாபகம் வந்து சிரித்தேன். புத்தகத்தை இத்தாலி அரசர் இரண்டாம் விக்டர் இம்மானுவேலுக்குச் சமர்ப்பணம் செய்திருக்கிறார்.

அம்மா வருகிறார். சின்ன வயதில் ஒவ்வொரு பொம்மையைப் பார்த்தும் உள்ளே என்ன இருக்கிறது என்று அம்மாவைக் கேட்டு, பதில் திருப்தியாக இல்லாவிட்டால் உடைத்துப் பார்த்தாராம். பெரியவனாகி எந்திரத்துக்குச் சொந்தப் பணத்தைக் கொட்டிக்கொண்டே இருக்கலாமா என்று திகைத்து நிற்கும்போது, வசதி குறைந்தாலும் பரவாயில்லை, எடுத்த காரியத்தை விடாதே என்று சொல்வதும் அம்மாதான். அந்த இடம் புத்தகத்தின் நல்ல இடங்களில் ஒன்று. ஆனால் மனைவி? ஏறக்குறைய இல்லை. பிள்ளைகள்? எட்டிப் பார்க்கிறார்கள், அதுவும் பிள்ளைகளாக இல்லை. ரயில் சோதனையில் கூட வேலை செய்தவன், வரைபடக் குறியீட்டை விளக்கியவன் என்று, உதவியாளர்களைப் போல வந்துவிட்டுப் போகிறார்கள்.

புத்தகத்துக்கு வெளியே தேடினால் விவரம் கிடைக்கிறது. 1814-ல் ஜார்ஜியானா விட்மோர் என்ற பெண்ணை மணந்தார். சம்பாத்தியத்துக்கு வழி செய்துகொள்ளாமல் கல்யாணமா என்று அப்பா பெஞ்சமின் எதிர்த்தார், மகன் கேட்கவில்லை. எட்டுப் பிள்ளைகள் பிறந்தன. பெரும்பாலானவை சின்ன வயதிலேயே போய்விட்டன. தகப்பனுக்குப் பிறகும் உயிரோடு இருந்தவர்கள் மூன்று மகன்கள்: பெஞ்சமின் ஹெர்ஷல், டுகால்ட், ஹென்றி. ஜார்ஜியானா என்று அம்மாவின் பெயரையே வைத்திருந்த ஒரே மகள் 1834-ல், பதின்ம வயதில் இறந்தாள்.

1827-ஐத் தனியாகச் சொல்ல வேண்டும். பிப்ரவரியில் அப்பா இறந்தார். ஜூலையில் சார்லஸ் என்று தன் பெயரையே வைத்திருந்த மகன் இறந்தான். கோடை முடிவதற்குள் மனைவி ஜார்ஜியானாவும், அப்போதுதான் பிறந்திருந்த குழந்தையும். ஒரே வருஷத்தில் நாலு சாவு. பாபேஜுக்கு 35 வயது. கடைக்குட்டி ஹென்றிக்கு மூன்றுகூட முடியவில்லை.

இதை மனதில் வைத்துக்கொண்டு சுயசரிதைக்குத் திரும்பிப் போங்கள். 1828-ல் ரோம் நகரில் இருக்கும்போது, கேம்பிரிட்ஜில் லூகாசியன் கணிதப் பேராசிரியராகத் தன்னைத் தேர்ந்தெடுத்திருக்கும் செய்தியைப் பத்திரிகையில் பார்த்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறார். நியூட்டன் உட்கார்ந்த நாற்காலி அது. அப்பா இருந்திருந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பார் என்று அந்த இடத்தில் ஒரு வருத்தமும் உண்டு. ஆனால் வேலையை எல்லாம் போட்டுவிட்டு ரோமில் இவர் என்ன செய்துகொண்டிருந்தார்? அந்தப் பத்தியில் அது இல்லை. இன்னொரு இடத்தில் வெசுவியஸ் எரிமலையின் வாய்க்குள் இறங்கிய கதை வருகிறது. வெடிப்புக்கும் வெடிப்புக்கும் நடுவே எத்தனை நிமிஷம் என்று கணக்கு வைத்துக்கொண்டு இறங்குகிறார். விறுவிறுப்பான எழுத்து. முந்தின வருஷம் பெண்டாட்டியையும் இரண்டு பிள்ளைகளையும் புதைத்துவிட்டு வந்த மனுஷன் என்று தெரிந்து படித்தால் அந்தப் பக்கத்தின் சூடே வேறு. அவர் அதை நமக்குச் சொல்வதில்லை.

இதை வைத்து இரண்டு விதமாகக் கதை சொல்கிறார்கள். ஒன்று, பாபேஜ் கல் நெஞ்சக்காரர், எந்திரமே கதி என்று கிடந்து பிள்ளைகளை மறந்தவர். இரண்டு, துக்கம் தாங்காமல் எந்திரத்துக்குள் ஒளிந்துகொண்டவர். இரண்டாவது கதைக்கு ஒரு ஆதாரமும் காட்டுவார்கள்: மகள் இறந்த அதே 1834-ல்தான் அனலிட்டிகல் எஞ்சின் யோசனை பிறந்தது. தேதி சரிதான். ஆனால் அந்தக் குறிப்புகள் மகள் இறப்பதற்கு முன்னாலேயே, அந்த வருஷத்தின் நடுவிலேயே ஆரம்பமாகிவிட்டன. சினிமாவுக்கு நல்ல திருப்பம், சரித்திரத்துக்கு ஆகாது. அடா லவ்லேஸை இறந்துபோன மகளின் இடத்தில் உட்கார வைக்கும் கதையும் எனக்கு ஒட்டவில்லை. அடாவுக்குச் சொந்தமாக அம்மா இருந்தார், மூன்று பிள்ளைகள் இருந்தார்கள், மண்டை நிறைய கணிதம் இருந்தது. பாபேஜுடன் சரிக்குச் சரி சண்டை போட்டவர். அவரை யாருக்கும் மகளாக்க வேண்டியதில்லை.

என் குற்றச்சாட்டு பாசத்தைப் பற்றியது இல்லை. அந்தக் காலத்து ஆண்கள் மனைவியைப் பற்றி எழுதாதது ஊர் உலக வழக்கம். நம்ம உ.வே.சா.வையே எடுத்துக்கொள்ளுங்கள். (மற்றவர்களுக்கெல்லாம் தந்தைப் பட்டம், அவருக்கு நாம் நேரே தாத்தாப் பட்டமே கொடுத்துவிட்டோம்.) 'என் சரித்திரம்' நூலில் அப்பா வேங்கடசுப்பையர் உயிரோடு நடமாடுவார், ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பக்கத்துக்குப் பக்கம் வருவார். கல்யாணமும் விவரமாக வரும். அதற்கப்புறம் மனைவியை எங்கே பார்க்கிறோம்? தேடித்தான் பார்க்க வேண்டும். ஆனாலும் 'என் சரித்திரம்' அதனால் புரியாமல் போவதில்லை. ஏனென்றால் அவர் வேலை எப்படி நடந்தது, யார் சோறு போட்டார்கள், யார் ஏடு கொடுத்தார்கள், எங்கே தட்டியது என்பதெல்லாம் அதில் இருக்கிறது.

பாபேஜின் புத்தகத்தில் குடும்பத்தை உருவியதால் எந்திரத்தின் கதையே புரியாமல் போகிறது. இதுதான் என் புகார்.

எப்படி என்று சொல்கிறேன். டிஃபரன்ஸ் எஞ்சின் வேலை 1823-ல் அரசாங்கப் பணத்தில் தொடங்கியது. செய்து கொடுக்கும் பொறுப்பு ஜோசப் கிளெமென்ட் என்ற கைதேர்ந்த மெக்கானிக்கிடம். கிளெமென்டின் பட்டறை தேம்ஸ் நதிக்குத் தெற்கே. 1827-க்குப் பிறகு பாபேஜ் ஒரு வருஷத்துக்கு மேல் ஐரோப்பாவில் சுற்றுகிறார். மேற்பார்வை நண்பர் ஜான் ஹெர்ஷல் தலையில். சின்னப் பிள்ளைகளைப் பாட்டி வளர்க்கிறார். திரும்பி வந்தவர் மனைவியோடு வாழ்ந்த வீட்டுக்குப் போகாமல் டோர்செட் தெருவில் புது வீடு பார்க்கிறார். அப்பா வைத்துவிட்டுப் போன சொத்து கையில் இருக்கிறது. புது வீட்டுக்குப் பக்கத்திலேயே எந்திரத்துக்கென்று பட்டறை எழும்புகிறது. கிளெமென்டை அங்கே வரச் சொல்கிறார்கள். இடம் மாறினால் எனக்கு நஷ்டஈடு என்ன என்கிறார் கிளெமென்ட். கணக்கு வழக்கில் தகராறு முற்றி 1833-ல் வேலை அப்படியே நிற்கிறது. அரசாங்கம் அதுவரை செலவழித்தது 17,000 பவுண்டுக்கு மேல். அதன் பிறகு அந்த எந்திரம் முழுசாக எழவே இல்லை.

புத்தகத்தைப் படிப்பவருக்கு இதில் என்ன தெரிகிறது? அரசாங்கம் நன்றி கெட்டது, அமைச்சர்களுக்கு அறிவியல் புரியவில்லை, விஞ்ஞானிகளுக்குப் பொறாமை. பக்கம் பக்கமாக வாதம். அவர் பக்கம் நியாயமும் உண்டுதான். ஆனால் வேலை நின்றதற்கு ஒரு வேர் அந்த ஒரு வருஷ இடைவெளியிலும், இடம் மாறிய வீட்டிலும் இருக்கிறது என்பது தெரியவே தெரியாது. எங்கள் வேலையில் சர்வர் விழுந்தால் மறுநாள் காரணம் தேடி ஒரு அறிக்கை எழுதுவோம். நடுவில் ஒரு நாள் லாக் மட்டும் காணோம் என்றால் அந்த அறிக்கையை எந்த மேனேஜரும் வாங்க மாட்டார். பாபேஜ் நமக்குக் கொடுத்திருப்பது அந்த மாதிரி அறிக்கை.

இந்தப் புகாரை இவ்வளவு நிச்சயமாகச் சொல்ல எனக்கு ஒரு சொந்தக் காரணம் இருக்கிறது. அப்பா ஒரு டீ ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்தவர். ஒரு நீளமான கணக்கு நோட்டில் முப்பது வருஷம் மெஷின் வரலாறு எழுதி வைத்திருந்தார். ரோலிங் டேபிளில் என்ன போச்சு, ட்ரையரில் எந்த பெல்ட் மாற்றியது, பேரிங்குக்கு எந்தத் தேதியில் கிரீஸ் அடித்தது. அவ்வளவுதான். அம்மா பேர் இல்லை, என் பேர் இல்லை. நான் பிறந்த தேதியைப் புரட்டிப் பார்த்தேன்; மின்விசிறி மோட்டாரைக் கழற்றிக் காயில் கட்டக் கொடுத்திருக்கிறார். சரி, அவர் சுபாவம் அது.

ஆனால் 1978-ல் ஒரு இடத்தில் பத்தொன்பது நாளுக்கு ஒன்றுமே இல்லை. கொழுந்து வரத்து அதிகமாக இருக்கும் மே மாதம். இருபதாவது நாள் ஒரே வரி: ட்ரையர் பேரிங் எரிந்தது, கிரீஸ் இல்லை. அதற்கு மேல் சிவப்பு மையில் அபராதத் தொகை. கிரீஸ் அடிக்காமல் விட்ட குற்றத்துக்கு அப்பா கட்டியது. பார்த்துப் பார்த்துச் செய்கிற மனுஷன் பத்தொன்பது நாள் எங்கே போனார்? அம்மாவிடம் கேட்டேன். எனக்கு முன்னால் ஒரு பிள்ளை தவறிப்போனது என்று பொதுவாகத் தெரியும். அது அந்த மே மாதம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்பா படுத்துக் கிடந்திருக்கிறார். ஃபேக்டரியில் அவர் காரணம் சொல்லவில்லையாம். "சொல்லியிருந்தா அபராதம் போட்டிருக்க மாட்டாங்க. இவருதான் வாயே தெறக்கல" என்றார் அம்மா.

நோட்டை மட்டும் பார்க்கிறவனுக்கு அது ஒரு ஃபிட்டரின் அசட்டை. அதனால்தான் பாபேஜ் புத்தகத்தைக் கீழே வைத்தபோது எனக்குக் கோபம் வந்தது, அவர் மேல் பரிதாபம் வந்ததைவிட அதிகமாக.

சரி, பிள்ளைகளுக்கு வருவோம். அப்பாவின் புத்தகத்தில் இடம் கிடைக்காதவர்கள் தாங்களாக என்ன செய்தார்கள் என்பது சுவாரசியம்.

மூத்தவர் பெஞ்சமின் ஹெர்ஷல் பொறியாளர். 1850-ல் இங்கிலாந்தின் சுகாதார வாரியத்துக்காக ஹாவொர்த் என்ற ஊரை ஆய்வு செய்யப் போனார். ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்குப் பெயர் தெரிந்திருக்கும். பிராண்டி சகோதரிகளின் ஊர். அவர்களின் அப்பா பாதிரியார் பேட்ரிக் பிராண்டி, தண்ணீர் சரியில்லை என்று மனு போட்டு வரவழைத்த ஆய்வு அது. ஹெர்ஷல் தெருத் தெருவாகக் கக்கூஸையும் கிணற்றையும் எண்ணினார், கல்லறைத் தோட்டத்தைப் பார்த்தார், சாவுக் கணக்கை எடுத்தார். இறக்கும்போது சராசரி வயது 25.8, நூற்றுக்கு 41 பேர் ஆறு வயதைத் தாண்டவில்லை. அந்த அறிக்கை இன்றைக்கும் பொதுச் சுகாதார வரலாற்றில் பேசப்படுகிறது. அப்பா மனிதக் கணக்கில் வரும் பிழைகளை ஒழிக்க எந்திரம் செய்யப் போனார். மகன் கையால் எடுத்த கணக்கு பிள்ளைகள் எதனால் சாகிறார்கள் என்று காட்டியது. தன் வீட்டில் போன தம்பி தங்கைகள் அந்தக் கணக்கை எழுதும்போது அவருக்கு ஞாபகம் வந்தார்களா என்று கற்பனை செய்ய ஆசையாகத்தான் இருக்கிறது. வேண்டாம், நானும் சினிமா எடுக்கக் கூடாது. அடுத்த வருஷமே அவர் தெற்கு ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். டுகால்டும் அங்கேதான் போனார்.

கடைக்குட்டி ஹென்றி வந்தது இந்தியாவுக்கு. 1843-ல், 18 வயதில், கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படையில். அடாவின் புகழ்பெற்ற குறிப்புகள் அச்சாகி வந்ததும் அதே 1843. லண்டனில் அப்பாவின் எந்திரத்தைப் பற்றி உலகம் பேச ஆரம்பித்த வருஷம் மகன் கப்பல் ஏறிவிட்டான். பதினோரு வருஷம் கழித்து, 1854-ல் நீண்ட விடுப்பில் திரும்பினார். அப்போதுதான், கிட்டத்தட்ட முப்பது வயதில், அப்பாவின் குறியீட்டு முறையை உட்கார்ந்து கற்றுக்கொண்டார். எந்திரத்தில் எந்தப் பாகம் எப்போது அசையும், எதை அசைக்கும் என்பதைக் காகிதத்தில் எழுதிக் காட்டும் முறை அது. இன்றைக்கு நாங்கள் போடும் டைமிங் வரைபடத்துக்குப் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். 1855-ல் கிளாஸ்கோவில் நடந்த அறிவியல் கூட்டத்தில், ஸ்வீடனைச் சேர்ந்த ஷூட்ஸ் என்ற அப்பாவும் மகனும் செய்த கணக்கு எந்திரத்தை இந்தக் குறியீட்டில் ஹென்றி விளக்கினார்.

இந்த இடத்தில் நின்று யோசியுங்கள். பாபேஜின் எந்திரத்தைப் பற்றி வேறொருவர் எழுதிய கட்டுரையால் தூண்டப்பட்டு, அவரால் முடிக்க முடியாததை ஒரு அப்பாவும் மகனும் சேர்ந்து முடித்துக் கொண்டுவருகிறார்கள். அதை எல்லோருக்கும் விளக்கிக் காட்டுவது பாபேஜும் அவர் மகனும். பாபேஜ் பொறாமைப்படுவார் என்றுதான் ஷூட்ஸ் தரப்பு பயந்தது. அவர் அப்படி நடந்துகொள்ளவில்லை, தாராளமாகப் பாராட்டினார். அந்த ஒன்றிரண்டு வருஷம் டோர்செட் தெரு வீட்டில் அப்பாவும் பிள்ளையும் ஒரே மேசையில் படம் போட்டிருப்பார்கள். சுயசரிதை எழுதுகிற எவரும் விடக்கூடாத பகுதி. தெரு வாத்தியக்காரர்களுக்குக் கிடைத்த இடத்தில் கால்வாசி இதற்குக் கிடைத்திருந்தால் போதும்.

விடுப்பு முடிந்து ஹென்றி மறுபடி இந்தியா வந்தார். 1871 அக்டோபரில் பாபேஜ் இறக்கும்போது கூட இருந்த மகன் இவர்தான். உயிலில் படங்களும் பாகங்களும் பட்டறையும் இவருக்கு. 1874-ல் மேஜர் ஜெனரலாக ஓய்வு பெற்றார். அதற்கப்புறம் நாற்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்தார்; அந்தக் காலத்தில் பெரும் பகுதியை அப்பாவின் எந்திரத்துக்குக் கொடுத்தார். பழைய இரும்பாகப் போக இருந்த பாகங்களிலிருந்து ஆறு சின்ன மாதிரிகளைக் கோத்தார். பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பினார். அப்பாவின் கட்டுரைகளையும் எந்திரங்களைப் பற்றி வந்தவற்றையும் தொகுத்து 1889-ல் ஒரு பெரிய நூலாகக் கொண்டுவந்தார். அனலிட்டிகல் எஞ்சினின் 'மில்' என்கிற பகுதியை, அதாவது கணக்குப் போடும் வயிற்றுப் பகுதியை, செய்து பார்த்தார். அது பை என்ற எண்ணின் மடங்குகளை 29 இலக்கம் வரை கணக்கிட்டு அச்சடித்தது. அச்சடித்த பட்டியலில் பிழை இருந்தது. இதைப் படித்தபோது எனக்குக் கொண்டாட்டமாக இருந்தது. எங்கள் தொழிலின் பரம்பரைச் சொத்து அன்றைக்கே வந்துவிட்டது. 1910-ல் பிழையோடுதான் அதைப் பற்றித் தெரிவித்தார். மறைக்கவில்லை.

ஹார்வர்டுக்குப் போன மாதிரி அங்கே ஒரு மாடியில் தூசி படிந்து கிடந்தது. 1930-களில் ஹோவர்ட் எய்க்கன் பெரிய கணக்கு எந்திரம் செய்ய அலைந்தபோது அதைக் கண்ணில் கண்டார். பாபேஜைத் தேடிப் படித்தார். 1944-ல் அவருடைய மார்க் 1 ஓடியது. பாபேஜின் வடிவமைப்பைப் பார்த்து எய்க்கன் காப்பி அடிக்கவில்லை என்று வரலாற்று ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் பாபேஜின் வாரிசு நான் என்று எய்க்கன் ஊருக்கெல்லாம் சொன்னார். அந்தப் பெயர் மறுபடி வாயில் புழங்க ஆரம்பித்ததில் அதற்குப் பங்கு உண்டு. 'கணினியின் தந்தை' என்று என் மகள் மனப்பாடம் செய்கிற வரிக்குப் பின்னால், வங்காளப் படையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு மகன் பித்தளைச் சக்கரங்களைப் பெட்டியில் கட்டி அனுப்பிய வேலை இருக்கிறது.

உ.வே.சா. வீட்டிலும் இதே கதைதான். 'என் சரித்திரம்' ஆனந்த விகடனில் தொடராக வந்துகொண்டிருக்கும்போதே 1942-ல் அவர் காலமானார். 1950-ல் அதைப் புத்தகமாகக் கொண்டுவந்தது மகன் கல்யாணசுந்தரையர்.

எல்லா வீட்டிலும் மகன்தான் எடுத்துச் செல்கிறான் என்று சொல்லவில்லை. நம்ம மலை ரயிலையே பாருங்கள். 1882-ல் அரசாங்கம் அழைத்து நீலகிரிக்கு வந்தவர் நிக்லாஸ் ரிக்கன்பாக். சுவிட்சர்லாந்தில் ரிகி மலைக்குப் பல்சக்கர ரயில் போட்ட மனிதர். 1,32,000 பவுண்டு ஆகும் என்று மதிப்பீடும் கொடுத்தார். கம்பெனி நொடித்து, மறுபடி எழுந்து, 1899 ஜூனில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு வண்டி வந்தபோது தண்டவாளத்தின் நடுவே இருந்தது ரிக்கன்பாக்கின் ஏணிப் பல் இல்லை, ரோமன் அப்ட் என்பவரின் இரட்டைப் பல். கல்லாறு தாண்டி வண்டி ஏறும்போது குனிந்து பார்த்தால் தெரியும், இரண்டு பட்டையிலும் பல் மாறி மாறி இருக்கும். அப்ட் யார்? ஓல்ட்டன் பட்டறையில் ரிக்கன்பாக்கிடம் வேலை பார்த்தவர். ரிக்கன்பாக்கின் மகன் பெர்ன்ஹார்டு இறையியல் பேராசிரியரானார்; மதச் சீர்திருத்தக் காலத்துப் பழைய நூல்களைப் பதிப்பித்தார்; 1895-ல், அப்பாவுக்கு முன்னாலேயே இறந்துபோனார். நம்ம ஊருக்கு வண்டி வந்த அடுத்த மாதம் ரிக்கன்பாக்கும் போய்ச் சேர்ந்தார். சுற்றுலா வழிகாட்டிகள் இதில் ஒரு பெயரைச் சொல்வார்கள், சில பேர் இரண்டு பெயரும் சொல்வார்கள். பட்டறையில் வளர்ந்த பையனுக்கும் வீட்டில் வளர்ந்த பையனுக்கும் நடுவே நடந்ததை யாரும் சொல்வதில்லை.

இன்னொரு உள்ளூர்ச் சங்கதியும் உண்டு. தினமும் வெலிங்டன் வழியாகத்தான் வண்டி ஓட்டுகிறேன். ஜக்கதளா என்றிருந்த ஊருக்கு வெலிங்டன் பிரபுவின் பெயரை வைத்தார்கள். அதே வெலிங்டன் பிரபு 1829-ல் பிரதமராக இருந்தபோது டிஃபரன்ஸ் எஞ்சின் வேலையை நேரில் பார்த்துவிட்டு, மேற்கொண்டு பணம் கொடுக்கச் சொன்னவர். பாபேஜின் புத்தகத்தில் அவர் மரியாதையோடு வருகிறார். பிரபுக்கள், அரசர்கள், அமைச்சர்கள் எல்லோருக்கும் அதில் நாற்காலி உண்டு.

அதனால் புத்தகத்தை ஒதுக்கச் சொல்கிறேனா? இல்லை. படியுங்கள், குறிப்பாகச் சின்ன வயதுப் பகுதியையும், எந்திரம் பற்றிய அத்தியாயங்களையும். தனியாக மட்டும் படிக்காதீர்கள். பக்கத்தில் ஆண்டனி ஹைமன் 1982-ல் எழுதிய வாழ்க்கை வரலாற்றை வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் ஹென்றி வயதான காலத்தில் தனிப்பட்ட முறையில் அச்சிட்ட நினைவுக் குறிப்புகளையும் தேடுங்கள். அப்பா 1864-ல் விட்ட இடங்களில் சிலவற்றை மகன் 1910-ல் நிரப்பியிருக்கிறார். அப்பாவின் எழுத்தில் இருக்கும் மிடுக்கு மகனிடம் கிடையாது.

லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் 1991-ல், பாபேஜின் இருநூறாவது பிறந்த வருஷத்துக்காக, டிஃபரன்ஸ் எஞ்சின் 2-ஐ அவர் போட்ட படங்களை வைத்தே செய்து ஓட்டிக் காட்டியது. சரியாகக் கணக்குப் போட்டது. 1871-ல் அந்தப் படங்களை வாங்கி வைத்துக்கொண்டவர் பென்ஷன் வாங்கும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

மகளிடம் "எட்டு" என்றேன். "அதுல பெரிசானவங்க மூணு பேரு. கடைசிப் பையன் நம்ம நாட்டுலதான் வேலை பார்த்தாரு." வினாடி வினாவில் அந்தக் கேள்வி வராது என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் நோட்டில் பாபேஜ் பேருக்குக் கீழே பென்சிலால் ஹென்றி என்று எழுதி வைத்தாள். எழுத்துக்கூட்டில் எனக்கும் சந்தேகம் வந்து, மறுபடி தேடிப் பார்த்துச் சொன்னேன்.